சீனத்துக் கண்ணாடிப் பொடிக்குப்பிகளும் கால ஆராய்ச்சியும்

ஒரு நூலின் காலத்தை அறுதியிட முற்படும் தமிழாசிரியர் அகச்சான்று, புறச்சான்று என்னும் இருவகைச் சான்றுகளையும் தேடுவர். நூலின் மொழிநடை, சொல்லாட்சி, அதில் குறிக்கப்பெறும் மன்னர் பெயர் முதலியன அகச்சான்றுகள். பிற நூல்களில் அந்நூலைப் பற்றி வரும் குறிப்பு, கல்வெட்டுச் செய்தி முதலியன புறச்சான்றுகள். இரண்டும் ஒத்துச் சென்றால் முடிவு கூறுவர். ஒவ்வாதவிடத்து, மேல் எல்லை இது, கீழ் எல்லை இது என்று வரையறுத்து அதனோடு அமைவர். இம்முறை ஏட்டுச் சுவடிகளுக்கு மட்டும் உரியதன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கண்ணாடிக் குப்பியின் காலத்தையும் இவ்வாறே ஆராய வேண்டும் என்பதைச் சீனத்துப் பொடிக்குப்பிகளின் வரலாறு நன்கு விளக்குகிறது.

பொடிக்குப்பி என்பது மூக்குப்பொடியை இட்டு வைக்கும் சிறு கலம். பெரும்பாலும் 2 அல்லது 3 அங்குல உயரமே இருக்கும். இத்துணைச் சிறிய பொருளின் வயதை ஆராய்வதால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். 2011ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நிகழ்ந்த ஓர் ஏலத்தில், சியன்லோங் பேரரசர் காலத்து அரண்மனையில் எனாமல் வண்ணம் தீட்டப்பெற்ற கண்ணாடிக் குப்பியொன்று 2 கோடியே 53 இலட்சம் ஹாங்காங் வெள்ளிக்கு விலைபோயிற்று. அதே வடிவில், அதே முத்திரையோடு, 20ஆம் நூற்றாண்டில் செய்யப்பெற்ற குப்பிக்கு அவ்விலையில் ஒரு சிறு பங்கும் கிடைக்காது. எனவே, பொருள் படைத்தோர்க்குக் காலம் என்பது பணமாகிறது. ஆயின், பணத்தினும் பெரிதொன்று இவ்வாராய்ச்சியில் அடங்கியுள்ளது. ஒரு பொருளின் காலத்தைத் தவறாகக் கூறுவோர் அதன் விலையை மாற்றுவதோடு, அதனைச் செய்த கைவினைஞரின் பெயரையும் மறைத்துவிடுகின்றனர். அதற்குரிய சான்றினைக் கட்டுரையின் பிற்பகுதியிற் காண்போம்.

பொடி வந்த வழி

புகையிலை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்தை எட்டியது. மிங் மரபின் இறுதிக்காலத்தில் புகைபிடிப்பதைத் தடைசெய்து அரசாணைகள் பிறந்தன. ஆனால், புகையிலையை இடித்து மணமூட்டிச் செய்யும் மூக்குப்பொடி வேறு வழியில் மதிப்புப் பெற்றது. ஐரோப்பியரிடமிருந்து, சிறப்பாக இயேசு சபைத் துறவியரின் வாயிலாக, அஃது அரண்மனைக்குள் நுழைந்தது. 1684இல் காங்சீ பேரரசர் தென்னாட்டுப் பயணம் மேற்கொண்டு நான்சிங் நகரை அடைந்தபோது, துறவியர் இட்ட காணிக்கைகளுள் ஏனையவற்றைத் திருப்பியளித்து, மூக்குப்பொடியை மட்டும் ஏற்றுக்கொண்டார் என்பர்.

மூக்குப்பொடி நம்மவர்க்குப் புதியதன்று. பொடிமட்டையை இடுப்பிற் செருகிய முதியோரை முன்னாளில் எங்கும் காண முடிந்தது. நம்மவர் மட்டையையும் டப்பியையும் கொண்டனர்; ஐரோப்பியர் மூடியுள்ள சிறு பெட்டியைக் கொண்டனர்; சீனர் குப்பியைக் கொண்டனர். சீனத்தில் மருந்துப் பொடிகளைச் சிறு குப்பிகளில் இட்டு வைக்கும் வழக்கம் முன்னரே இருந்தது. மூக்குப்பொடியையும் தலைவலி, சளி முதலியவற்றைப் போக்கும் மருந்தாகவே அவர்கள் கருதினர். ஆதலின், மருந்துக் குப்பியே பொடிக்குப்பியாயிற்று. குறுகிய வாயும் இறுக்கமான அடைப்பானும் பொடியை ஈரக்காற்றினின்று காத்தன. அடைப்பானின் அடியிற் பொருத்திய மெல்லிய கரண்டி, சிட்டிகைப் பொடியை எடுக்க உதவியது.

இவ்வரலாறு நமக்கு முதல் எல்லையைத் தருகிறது. 17ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்ட மிங் காலத்துப் பொடிக்குப்பி என்று ஒருவர் ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டுவாராயின், அக்கூற்றை ஏற்பதற்கில்லை.

அரண்மனைக் கண்ணாடிப் பட்டறை

சீனத்தில் கண்ணாடி மிகத் தொன்மையானது. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே ஈயமும் பேரியமும் கலந்த கண்ணாடி மணிகளை அங்குச் செய்தனர். எனினும், பீங்கானுக்கும் பச்சைக்கல்லுக்கும் இருந்த பெருமை கண்ணாடிக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. காங்சீ காலத்தில் இந்நிலை மாறியது. 1696இல் பெய்ஜிங் நகரில் அரண்மனைக்கெனக் கண்ணாடிப் பட்டறையொன்று நிறுவப்பெற்றது. அதனை அமைக்கும் பொறுப்பைச் செருமானிய நாட்டவரும் இயேசு சபைத் துறவியுமான கிலியன் ஸ்டும்ப் என்பார் ஏற்றார். ஷாண்டோங் மாநிலத்துப் போஷான் என்னும் கண்ணாடித் தொழிலூரிலிருந்தும் தென்கோடியில் உள்ள குவாங்சௌ நகரிலிருந்தும் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர்.

இப்பட்டறையின் படைப்புகளைக் கண்டு எழுதியவர்களுள் 1711இல் மறைந்த புலவர் வாங் ஷிசென் குறிப்பிடத்தக்கவர். தலைநகரில் மூக்குப்பொடியைக் கண்ணாடிக் குப்பிகளில் வைப்பதையும், அக்குப்பிகள் சிவப்பு, ஊதா, மஞ்சள், வெள்ளை, கறுப்பு, பச்சை எனப் பல நிறங்களில் அமைந்ததையும், தந்தக் கரண்டியாற் பொடி எடுத்ததையும் அவர் பதிவுசெய்துள்ளார். அக்குப்பிகள் அரண்மனைக்குள் ஆனவை என்றும், வெளியில் உள்ளோரும் அவற்றைப் பார்த்துச் செய்கின்றனர், எனினும் அவை அரண்மனைப் பொருளுக்கு ஈடாகா என்றும் அவர் கூறுவது உற்றுநோக்கத்தக்கது. மூலம் தோன்றிய காலத்திலேயே போலியும் தோன்றிவிட்டது என்பது இதனால் புலனாகிறது. ஆகவே, ஒரு குப்பி பழமையானது என்பதால் மட்டும் அஃது அரண்மனையில் ஆனது என்று கொள்ளுதல் கூடாது.

சியன்லோங் ஆட்சியில் (1735–1796) இக்கலை உச்சத்தை எட்டியது. 1740க்குப் பின் பிரான்சு நாட்டுத் துறவியரான தெ புரோசார், தான்கார்வில் ஆகியோர் பட்டறைக்குத் துணைநின்றனர். பொன்துகள் சிதறினாற்போல் மின்னும் கண்ணாடியை 1741இல் அரண்மனையிலேயே உருவாக்கினர். 1758இல் தெ புரோசார் மறைந்தபின் ஐரோப்பிய நுட்பத்தின் துணை குன்றியது. எனினும், போஷானிலும் பெய்ஜிங்கிலும் யாங்சௌவிலும் தனியார் பட்டறைகள் தொடர்ந்து இயங்கின.

முத்திரையை நம்பலாமா?

சில குப்பிகளின் அடியில் நான்கு சீன எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். இன்ன பேரரசரின் ஆட்சியாண்டுகளிற் செய்யப்பெற்றது என்பது அவற்றின் பொருள். காண்போர் இதனையே முதற்சான்றாகக் கொள்வது இயல்பு. ஆராய்ச்சியாளரோ இதனைக் கடைசிச் சான்றாகக் கொள்வர். காரணம் வெளிப்படை. எழுத்தைப் பொறிக்கச் சிறு சக்கரமும் சிறிது நேரமும் போதும். பழைய குப்பியிற் புதிய முத்திரையைப் பொறிக்கலாம். புதிய குப்பியிற் பழைய பேரரசரின் பெயரைப் பொறிக்கலாம். முன்னோரிடம் கொண்ட மதிப்பினால் முற்காலப் பெயரைப் பொறித்தோரும் உண்டு. விலை கருதிப் பொறித்தோரும் உண்டு. மேலும், 18ஆம் நூற்றாண்டிற் செய்யப்பெற்ற உண்மைக் குப்பிகளுள் மிகப் பலவற்றில் முத்திரையே இல்லை. முத்திரை இன்மை குறையும் அன்று. இருப்பது நிறைவும் அன்று.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு குப்பிக்கு எப்போதும் ஒரே வயதுதான் என்று எண்ணுதல் தவறு. அடைப்பான் எளிதில் தொலைந்து போகும். வேறோர் அடைப்பானைப் பின்னர்ப் பொருத்துவர். வாய் விளிம்பு உடைந்தால் அதனைத் தேய்த்துச் சமன் செய்வர். அதனால் கழுத்துக் குறுகி, குப்பியின் அளவு ஒவ்வாமற் போகும். ஓவியமற்ற பழங்குப்பியிற் பிற்காலத்தார் ஓவியம் தீட்டுவதும் உண்டு. எனவே, உடலின் காலம், அலங்காரத்தின் காலம், எழுத்தின் காலம், அடைப்பானின் காலம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே வினவ வேண்டும்.

கண்ணாடி கூறும் சான்று

இனி, அகச்சான்றுகளைக் காண்போம். காங்சீ காலத்து அரண்மனைக் கண்ணாடிகள் சிலவற்றில் சிலந்தி வலை போன்ற நுண்ணிய வெடிப்புகள் உள்ளே பரவியிருக்கும். கலவையிற் காரம் மிகுந்து சுண்ணாம்பு குறைந்தமையே இதற்குக் காரணம். காற்றிலுள்ள ஈரம் காரத்தை மெல்ல வெளியே இழுக்க, கண்ணாடி உள்ளுக்குள் சிதைகிறது. அறிஞர் இதனைக் கண்ணாடியின் நோய் என்றே குறிப்பர். நம் நாட்டைப் போன்ற ஈரக்காற்று மிகுந்த இடங்களில் இத்தகைய பொருளைக் காப்பது அரிது. இந்நோய் காணப்பெறின், தொடக்ககாலக் கலவையாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. ஆனால், அஃது ஆண்டுகளால் வருவதன்று. கலவைப் பிழையால் வருவது. பிழையான கலவையை எக்காலத்தும் எவரும் செய்யக்கூடும். ஆதலின், இச்சான்று தனித்து நில்லாது.

கண்ணாடிக்குள் காணும் காற்றுக் குமிழிகளும் இத்தகையனவே. பழங்கண்ணாடியிற் குமிழிகள் மிகுதி என்பது பலர் கேட்டறிந்த செய்தி. உண்மைதான். ஆயினும், இக்காலத்துச் சிறு பட்டறையிலும் குமிழி தோன்றும். வேண்டுமென்றே தோற்றுவிக்கவும் கூடும். பனித்துகள் பரவினாற்போன்ற தோற்றத்தை விரும்பிக் குமிழிகளை வேண்டிச் செய்த பழங்குப்பிகளும் பலவுண்டு.

இவற்றினும் உறுதியானது நிறமூட்டிய பொருள் பற்றிய சான்று. குரோமியம் என்னும் தனிமம் 1797இலும், செலீனியம், காட்மியம் ஆகியவை 1817இலும் கண்டறியப்பட்டன. செலீனியத்தாற் பெறும் சிவப்பும், காட்மியத்தாற் பெறும் மஞ்சளும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கண்ணாடித் தொழிலிற் பரவின. யுரேனியம் 1789இல் கண்டறியப்பட்டு, 1830களில் ஐரோப்பியக் கண்ணாடிகளுக்கு மஞ்சளும் பச்சையும் ஊட்டப் பயன்பட்டது. இருட்டில் புற ஊதாக் கதிர் பட்டவுடன் ஒரு மஞ்சட்குப்பி பளீரெனப் பச்சை ஒளி வீசுமாயின், அதில் யுரேனியம் உண்டோ என்று ஐயுற வேண்டும். குப்பியைச் சிறிதும் சேதப்படுத்தாமல், எக்ஸ்-கதிரைக் கொண்டு அதிலுள்ள தனிமங்களை அறியும் கருவி இன்று பல அருங்காட்சியகங்களில் உள்ளது. செலீனியம் ஊட்டிய சிவப்புக் கண்ணாடியின் அடியிற் சியன்லோங் முத்திரை இருப்பின், அம்முத்திரை பொய் என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகும்.

ஆனால், இச்சான்றின் எல்லையையும் அறிதல் வேண்டும். பிற்காலத் தனிமம் இருப்பின் பழமையை மறுக்கலாம். அஃது இல்லாமையைக் கொண்டு பழமையை நிறுவ முடியாது. பழைய முறைப்படி இன்றும் கலவை செய்ய எவராலும் இயலும். மரத்திற்கும் எலும்பிற்கும் பயன்படும் கரிமக் காலக்கணிப்பு கண்ணாடிக்குப் பயன்படாது. கண்ணாடி உயிர்ப்பொருள் அன்று.

கைவினை கூறும் சான்று

சீனக் கண்ணாடிக் கலையின் தனிச்சிறப்பு அடுக்குக் கண்ணாடியாகும். வெண்கண்ணாடிக் குப்பியின்மேல் உருகிய வண்ணக் கண்ணாடியைப் போர்த்தி, குளிர்ந்தபின் வேண்டாத இடங்களை வெட்டி நீக்குவர். எஞ்சிய வண்ணம் பூவாகவும் பறவையாகவும் புடைத்து நிற்கும். சுழலும் சிறு சக்கரத்தில் கடினமான கற்பொடியை ஈரமாகத் தடவி, அதனாற் சிறிது சிறிதாகத் தேய்த்தே இதனைச் செய்தனர். ஒரு குப்பிக்கு நீண்ட நாளும் நிறைந்த பொறுமையும் வேண்டும்.

இப்பொறுமையைக் கண்ணாற் காணலாம். நல்ல பழங்குப்பியில், உருவங்களுக்கிடையே உள்ள வெளி மேடுபள்ளமின்றிச் சமமாக இருக்கும். உருவங்களின் ஓரங்கள் விரலைக் கீறாமல் மென்மையாக முடியும். பிறர் கண்ணிற்படாத இடுக்குகளும் மெருகு பெற்றிருக்கும். விரைவாகச் செய்த பிற்காலப் பொருளில் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். இடைவெளியிற் கருவியின் தடங்கள் தெரியும். அமிலத்தைக் கொண்டு அரித்தெடுத்ததாயின், வெளியெங்கும் ஒரேவகையான மங்கல் படிந்திருக்கும்.

குப்பியின் அடிப்பாகம் மற்றொரு சாட்சி. பல தலைமுறை எடுத்தும் வைத்தும் பழகிய குப்பியின் அடி விளிம்பில் சிறு கீறல்கள் பல திசைகளிலும் ஓடும். உப்புத்தாளில் தேய்த்துப் பழமை ஊட்டினால் அவை ஒரே திசையில் ஓடும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருப்பின் மாணவரும் இவ்வேறுபாட்டைக் காணலாம். உள்ளே ஒட்டியிருக்கும் பொடியை மட்டும் நம்புதல் வேண்டா. பொடியைக் கடையில் வாங்கி இடுவது எளிது.

அறுபதாண்டுச் சுழற்சி

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதியதொரு கலை பிறந்தது. குப்பியின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கி, முனை வளைந்த நுண்ணிய கோலைக் குறுகிய வாய் வழியே நுழைத்து, உட்சுவரில் ஓவியமும் பாட்டும் தீட்டினர். வெளியிலிருந்து பார்ப்போர்க்குச் சரியாகத் தெரியவேண்டுமாதலின், எழுத்துகளை இடவலம் மாற்றி எழுத நேர்ந்தது. சௌ லேயுவான், மா ஷாவோசுவான், யே சோங்சான் ஆகியோர் இக்கலையின் ஆசான்கள். உள்ளோவியக் குப்பியொன்றில் காங்சீ காலத்து ஆண்டு காணப்பெறின், அவ்வோவியம் அக்காலத்ததன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வோவியர் பலர் தம் பெயரோடு ஆண்டையும் எழுதினர். ஆயினும், அவ்வாண்டு நமக்கு முழு விடையைத் தருவதில்லை. பிரபவ முதல் அட்சய ஈறாக நம்மவர் ஆண்டுகள் அறுபதாகச் சுழல்வதுபோல், சீன ஆண்டுகளும் அறுபதாகச் சுழல்கின்றன. 10 குறிகள் கொண்ட ஒரு வரிசையையும், எலி, எருது, புலி என விலங்குகளால் அறியப்பெறும் 12 குறிகள் கொண்ட மற்றொரு வரிசையையும் இணைத்து அவர்கள் ஆண்டிற்குப் பெயரிடுவர். எலி ஆண்டுகளுள் ஒன்றாகிய கெங்ஸூ 1840ஆகவும் இருக்கலாம்; 1900ஆகவும் இருக்கலாம்; 1960ஆகவும் இருக்கலாம். பழைய தமிழ்க் கடிதமொன்றில் ஆண்டின் பெயரை மட்டும் கண்டு திகைத்தவர்க்கு இவ்விடர்ப்பாடு எளிதில் விளங்கும்.

இங்குத்தான் புறச்சான்று துணைக்கு வருகிறது. சௌ லேயுவான் ஓவியம் தீட்டிய காலம், கிடைத்துள்ள குப்பிகளைக் கொண்டு, 1882 முதல் 1893 வரை எனக் கணிக்கப்பெற்றுள்ளது. அவர் ரென்சென் என்று ஆண்டு குறித்திருப்பின், 1832, 1892, 1952 என்னும் மூன்றனுள் 1892 ஒன்றே பொருந்தும். அவர் பெயரோடு கெங்ஸூ என்னும் ஆண்டு காணப்பெறின், மூன்றனுள் எதுவும் பொருந்தாது. கையெழுத்தையே ஐயுற வேண்டும்.

பெயர் தெரியாத கைவினைஞரின் குப்பிகளுக்கும் சில வேளைகளில் இத்தகைய துணை கிட்டுகிறது. மனோசிலை என்று நம் சித்த மருத்துவர் கூறும் செங்கனிமத்தைப் போலச் செம்மையும் மஞ்சளும் கலந்து சுழலும் கண்ணாடி ஒருவகை உண்டு. அதனாற் செய்த கலங்கள் சர் ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவரின் சேகரிப்பில் இருந்தன. அவர் 1753இல் மறைந்தார். அவர்தம் சேகரிப்பே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அடித்தளமாயிற்று. எனவே, இவ்வகைக் கண்ணாடி 1753க்கு முன்னரே இருந்தது என்பது உறுதி. தொலைவிலுள்ள இலண்டன் மாநகரத்துச் சேகரிப்பு, பெய்ஜிங் மாநகரத்துக் கைவினைக்குக் கீழ் எல்லை வகுத்துத் தருகிறது.

பழநிலா மாடம்

எனாமல் தீட்டிய சில குப்பிகளின் அடியிற் கூயுவேசுவான் என்னும் மூன்று எழுத்துகள் காணப்படும். பழநிலா மாடம் என்பது அதன் பொருள். முதலிரண்டு எழுத்துகளையும் சேர்த்தால் ஹூ என்னும் குடும்பப் பெயர் வரும். இதனைக் கொண்டு, ஹூ என்னும் பெயருடைய கைவினைஞர் ஒருவர் தம் பெயரைப் பிரித்து இவ்வாறு எழுதினார் என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கியது. எழுத்தைப் பிரித்து வரலாறு படைக்கும் இவ்வழக்கம், ஊர்ப்பெயருக்குப் புராணம் கூறும் நம் வழக்கத்தை நினைவூட்டுகிறது. பின்னர் அறிஞர் அரண்மனை ஆவணங்களை ஆராய்ந்து, அஃது யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டத்தில் சியன்லோங் 1767இல் எழுப்பிய மாடத்தின் பெயர் என்று காட்டினர். கதையில் வந்த கைவினைஞர் மறைந்தார். மேல் எல்லையாக 1767 கிடைத்தது.

இம்மூன்று எழுத்துகளும் சியன்லோங் முத்திரையும் பொறித்த குப்பிகளை, 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் பெய்ஜிங் நகரில் ஒருவர் செய்துவந்தார். அவர் உள்ளோவிய ஆசான் யே சோங்சானின் மகன் யே பெங்சி. அவருடைய எனாமல் வண்ணம் அத்துணை நயமுடையதாக இருந்தமையால், அக்குப்பிகள் 18ஆம் நூற்றாண்டு அரண்மனைப் பொருள்களாகவே பலர்தம் சேகரிப்பிற் புகுந்தன. பிற்காலத்தில் உண்மை வெளிப்பட்டது. வண்ணங்களின் சாயலும் தூரிகையின் போக்கும் ஒப்பிடப்பெற்று, ஒரே கையின் படைப்புகள் ஒரு குழுவாகப் பிரித்தறியப்பெற்றன.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. அக்குப்பிகளின் மதிப்பு அழிந்துவிடவில்லை. யே பெங்சி செய்தவை என்னும் பெயராலேயே இன்று சேகரிப்போர் அவற்றைத் தேடுகின்றனர். பொய்யான காலம் சூட்டப்பட்டிருந்தவரை அவர் வரலாற்றில் இல்லாதவர். அவர்தம் உழைப்பெல்லாம் 200 ஆண்டுகளுக்கு முற்பட்ட, பெயரற்ற எவரோ ஒருவரின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. சரியான காலம் தெரிந்த அன்றே அவருக்குப் பெயர் கிடைத்தது.

முடிவாக ஒன்று. பழைய பொருளைக் கையிலெடுக்கும் மாணவர், இஃது எத்துணைப் பழமையானது என்று தொடங்காமல், இஃது எவ்வாண்டிற்கு முன் தோன்றியிருக்க முடியாது என்று தொடங்குவாராக. கண்ணாடி, கருவி, எழுத்து, ஆவணம் ஆகிய சான்றுகளைத் தனித்தனியே வினவி, எல்லாம் ஒரே காலத்தைச் சுட்டும்போது மட்டும் முடிவு கூறுவாராக. சுட்டாதபோது, இன்ன ஆண்டிற்கும் இன்ன ஆண்டிற்கும் இடைப்பட்டது என்று எழுதி நிறுத்துவதே புலமைக்கு அழகு. பழமை மிகுந்தால் பெருமை மிகும் என்று எண்ணி நூலுக்கும் பொருளுக்கும் ஆண்டுகளைக் கூட்டிச் சொல்வோர் முன்னோருக்கு நன்மை செய்வதாகக் கருதலாம். உண்மையில், அவற்றைச் செய்த கைகளுக்கு உரிய புகழையே அவர்கள் பறித்துக்கொள்கின்றனர்.